கம்பனிக் கார் சொந்தக் கார் ஆனபோது: இடையில் விடுபட்ட ஒன்பது நாள்

கொழும்பில் தலைமையகமும் யாழ்ப்பாணத்தில் கிளையும் உள்ள ஒரு கம்பனியில் பதினொரு வருடம் வேலை செய்த கள முகாமையாளர் ஒருவர், 2024 ஜூன் 28, வெள்ளிக்கிழமை விலகினார். நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவது, இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். கம்பனி அவருக்குக் கொடுத்திருந்த 2017ஆம் ஆண்டு வாகன் ஆர் காரை விலகும்போது அவரே வாங்கிக்கொண்டார். கம்பனிக் கணக்கில் அதன் ஏட்டுப் பெறுமதி 21 இலட்சம் ரூபா, அதே விலைக்குக் கொடுத்தார்கள். வெளியில் அந்தக் காருக்கு 60 இலட்சம் வரை போன காலம் அது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய கார்களின் விலை ஏறியது எல்லாருக்கும் தெரியும். பதினொரு வருட உழைப்புக்கு இது ஒரு பரிசு மாதிரித்தான் என்று அவர் சந்தோஷப்பட்டதில் பிழை சொல்ல முடியாது.

ஜூலை 9ஆம் திகதி மாலை கிளிநொச்சியில் ஒரு அலுவலை முடித்துவிட்டு ஏ-9 வீதியால் திரும்பி வந்துகொண்டிருந்தார். பரந்தன் தாண்டி ஆனையிறவுக்கு முன்னால், இருட்டத் தொடங்கும் நேரத்தில் மாடுகள் வீதியைக் கடந்தன. முதல் மாட்டைக் கண்டு பிரேக் அடித்தார், இரண்டாவது மாடு பொனற்றில் விழுந்தது. பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் காரின் பின்பக்கத்தில் மோதி விழுந்ததில் அவருக்குக் கை மணிக்கட்டில் அடி. பொனற், ரேடியேற்றர், முன்விளக்கு இரண்டு, முன்கண்ணாடி, பின் பம்பர் என்று கராஜ் கொடுத்த மதிப்பீடு 480,000 ரூபா. மாட்டுக்கு உரிமை கோரி யாரும் வரவில்லை. விபத்துக்குப் பிறகு ஏ-9இல் எந்த மாட்டுக்கும் சொந்தக்காரர் இருப்பதில்லை.

அண்ணை வழக்கம்போல டாஷ்போர்ட்டில் இருந்த காப்புறுதி அட்டையை எடுத்து அதிலிருந்த அவசர இலக்கத்துக்கு அழைத்தார். அட்டையில் 2025 மார்ச் வரை செல்லுபடி என்று இருந்தது. தமிழில் கதைத்த பிள்ளை மரியாதையாகத்தான் சொன்னது: "ஐயா, இந்த வாகனம் ஜூலை முதலாம் திகதியோட லிஸ்ட்டில இருந்து எடுத்தாச்சு. உங்களிட்ட வேற பொலிசி இருக்கோ?"

வேறு பொலிசி இல்லை. அடுத்த நாள் காலையில் அவர் கடதாசிகளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். முன்பு ஒரு காப்புறுதிக் கிளையில் கிளெய்ம் பகுதியில் இருந்தவன் என்பதால் கொக்குவிலில் எங்கள் பக்கத்து ஆட்கள் இப்படி வருவது வழமை. "அட்டை இருக்குது, திகதி இருக்குது, பேந்தென்ன தம்பி பிரச்சினை?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

கடதாசிகள் சொன்னது

உறையில் இருந்தவற்றில் முக்கியமானவை நான்கு. கம்பனி கடிதத் தலைப்பில் அடித்த விற்பனைக் கடிதம், ஜூன் 28 திகதியிட்டது. கையெழுத்திட்ட எம்.டி.ஏ. 6, எம்.டி.ஏ. 8 உரிமை மாற்றப் படிவங்கள். இன்னும் கம்பனியின் பெயரிலேயே இருக்கும் பதிவுப் புத்தகம். அப்புறம், வேலையிலிருந்து விலகும்போது நிரப்பும் கையளிப்புப் படிவத்தின் பிரதி.

விற்பனைக் கடிதத்தில் ஒரு வரி: வாகனமும் அது தொடர்பான எல்லாப் பொறுப்புகளும் இன்றுமுதல் வாங்குபவரைச் சேரும். இந்த வரியை அண்ணை வாசித்திருந்தார். ஆனால் பொறுப்பு என்றதும் அவர் நினைத்தது ரயர், பற்றரி, சேர்விஸ். கம்பனியின் நிர்வாகப் பிரிவோ அதே வரியைப் பிடித்துக்கொண்டு தன் கடமையைச் சரியாகச் செய்திருக்கிறது. வாகனம் போய்விட்டது, ஆகவே மாத முடிவோடு கம்பனி வாகனங்களின் காப்புறுதிப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லி மின்னஞ்சல் போயிருக்கிறது. மீதிக் காலத்துக்கான கட்டுப்பணத்தை விகிதப்படி கம்பனிக் கணக்குக்குத் திருப்பியும் கொடுத்திருக்கிறார்கள். கையளிப்புப் படிவத்தில் மடிக்கணினி, சிம் அட்டை, அலுவலகத் திறப்பு, எரிபொருள் அட்டை எல்லாவற்றுக்கும் தனித்தனி வரி இருந்தது. காப்புறுதி எந்தத் திகதியோடு நிற்கிறது என்பதற்கு வரி இல்லை. என் பார்வையில் இந்த முழுச் சம்பவத்தின் மூலமும் அந்த இல்லாத வரிதான். கெட்ட எண்ணம் எவருக்கும் இருந்ததாக நான் நினைக்கவில்லை.

அண்ணையை ஏமாற்றிய இன்னொன்று, முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த வாகன வரி அனுமதிப்பத்திரம். அது இன்னும் பல மாதத்துக்குச் செல்லுபடியாக இருந்தது. லைசன்ஸ் எடுக்கும்போது புகைப் பரிசோதனைச் சான்றிதழோடு காப்புறுதியையும் பார்ப்பார்கள், ஆகவே லைசன்ஸ் இருந்தால் காப்புறுதியும் இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். பார்ப்பது எடுக்கும் அன்றைக்கு மட்டும்தான். அதற்குப் பிறகு காப்புறுதி நின்றால் அந்த ஒட்டுக்கு ஒன்றும் தெரியாது.

மூன்று திகதிகள்

கம்பனிக் கார் ஒருவரின் சொந்தக் காராக மாறும்போது மூன்று திகதிகளைப் பார்க்க வேண்டும். உரிமை கைமாறும் திகதி, கம்பனியின் காப்பு முடியும் திகதி, சொந்தக் காப்பு தொடங்கும் திகதி. இந்த நிகழ்வில் முதலாவது ஜூன் 28, இரண்டாவது ஜூன் 30. மூன்றாவது விபத்துக்குப் பிறகுதான் வந்தது. ஜூலை 1 முதல் 9 வரை அந்தக் கார் காப்பே இல்லாமல் ஓடியிருக்கிறது. சட்டப்படி கட்டாயமான மூன்றாம் தரப்புக் காப்புறுதிகூட இல்லை. அது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் கேட்பது. இல்லாமல் வீதியில் இறக்குவது குற்றம்.

சரி, கம்பனி பட்டியலிலிருந்து எடுக்காமல் விட்டிருந்தால் கிளெய்ம் கிடைத்திருக்குமா? அண்ணை மட்டுமல்ல, கம்பனியின் கணக்காளரும் இதைக் கேட்டார். கிடைத்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. காப்புறுதி என்பது காருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் என்று பலர் விளங்கி வைத்திருக்கிறார்கள். உண்மையில் அது பொலிசியில் பெயருள்ள ஆளுக்கும் நிறுவனத்துக்கும் இடையிலானது. அந்த ஆளுக்குக் காரில் பண நலன் இருக்கும்வரைதான் சேதத்துக்கான காப்பு நிற்கும். கம்பனி விற்றுக் காசை வாங்கிய பிறகு கார் நொறுங்கினால் கம்பனிக்கு என்ன நட்டம்? ஒன்றுமில்லை. நட்டமில்லாதவருக்கு இழப்பீடும் இல்லை. இங்கிலாந்தில் இதே மாதிரி ஒரு வழக்கு 1938இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. காரை விற்றவர் தன் காப்புறுதிப் பத்திரத்தையும் வாங்கியவரிடம் கொடுத்துவிட்டார். வாங்கியவர் விபத்தில் மாட்டியபோது, பொலிசி ஆளைப் பார்த்துக் கொடுத்தது, நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது என்று தீர்ப்பு வந்தது. நம் நாட்டுக் காப்புறுதிச் சட்டமும் பெரும்பாலும் ஆங்கிலச் சட்டத்தின் வழியில் வந்ததுதான்.

இந்தக் கணக்கில் பார்த்தால் ஜூன் 29, 30 இரண்டு நாளும்கூடச் சந்தேகந்தான். பட்டியலில் கார் இருந்தது, ஆனால் கம்பனி ஏற்கெனவே விற்றுவிட்டது. அந்த இரண்டு நாளில் விபத்து நடந்திருந்தால் ஒரு நீண்ட கடிதப் போர் நடந்திருக்கும், முடிவு எப்படி இருந்திருக்கும் என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

கம்பனிக்கும் ஒரு தலையிடி இருந்தது. பதிவுப் புத்தகத்தில் உரிமையாளர் இன்னும் அவர்கள்தான். மோட்டார் சைக்கிள்காரர் நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டிருந்தால் ஓட்டியவரோடு பதிவு உரிமையாளரின் பெயரையும் போட்டிருப்பார். விற்றவரும் வாங்கியவரும் 14 நாளுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்பது இதற்காகத்தான். ஆனால் ஊரில் பாதி வாகனம் ஓப்பின் பேப்பரில் ஓடுகிறது. கையெழுத்துப் போட்ட படிவத்தை மேசை லாச்சியில் வைத்துக்கொண்டு வருடக்கணக்காக ஓட்டுபவர்கள் எத்தனையோ பேர்.

மோட்டார் சைக்கிள்காரர் வழக்குக்குப் போகவில்லை. பரந்தன் ஆள், தச்சு வேலை செய்பவர். வைத்தியச் செலவு, சைக்கிள் திருத்தம், வேலைக்குப் போகாத நாள்கள் எல்லாவற்றுக்குமாக 65,000 ரூபாவைப் பொலிஸ் நிலையத்திலேயே எழுத்தில் பேசி முடித்தார்கள். அடி மணிக்கட்டோடு நின்றதால்தான் இது இப்படி முடிந்தது. அதே ஆள் தலையில் அடிபட்டிருந்தால் அண்ணையின் வளவு வரைக்கும் கதை போயிருக்கும்.

காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் போகலாமா என்றும் பார்த்தோம். நிறுவனம் பிழையாக மறுத்திருந்தால் போகலாம். இங்கே அண்ணை அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளரே அல்ல. எனவே கம்பனியோடு நேரடியாகக் கதைத்தோம். திருப்பிப் பெற்ற கட்டுப்பணத்தையும், விலகும்போது ஒரு வார்த்தை சொல்லாததையும் எடுத்துச் சொன்ன பிறகு நல்லெண்ணக் கொடுப்பனவாக ஒரு இலட்சம் ரூபா தந்தார்கள், பொறுப்பை ஏற்கவில்லை என்ற குறிப்போடு. மிச்சம் 445,000 அண்ணையின் கையிலிருந்து போனது.

21 இலட்சமா, 60 இலட்சமா

புதிய பொலிசி எடுக்கும் வேலை ஜூலை 11இல் தொடங்கியது. முதல் வேலையாக அன்றைக்கே மூன்றாம் தரப்புக் காப்புறுதி ஒன்றை எடுக்க வைத்தேன். அது உடனே கையில் கிடைக்கும், முழுக் காப்புறுதியோடு ஒப்பிட்டால் காசும் சொற்பம். ஜூன் 28 அன்று இந்த ஒன்றைச் செய்திருந்தாலே மோட்டார் சைக்கிள்காரரின் விடயம் காப்புறுதி நிறுவனத்தின் தலையிடியாகப் போயிருக்கும்.

கார் கராஜில் கிடந்ததால் முழுக் காப்புறுதிக்கு அவசரம் இருக்கவில்லை. திருத்தி முடித்து, படம் எடுத்து, பரிசோதனைக்கு ஆள் வந்து பார்த்த பிறகுதான் எந்த நிறுவனமும் ஏற்கும். பதிவுப் புத்தகம் கம்பனியின் பெயரில் இருந்தது ஒரு தடையாக இருக்கவில்லை. விற்பனைக் கடிதமும் உரிமை மாற்றப் படிவங்களின் பிரதியும் காசு கட்டிய பற்றுச்சீட்டும் கொடுத்து, அவருக்குக் காரில் நலன் இருக்கிறது என்பதை முன்மொழிவுப் படிவத்திலேயே எழுதிக் கொடுத்தோம். அதாவது, புத்தகம் மாறும்வரை காத்திருக்கத் தேவையே இருக்கவில்லை. முதல் நாளே எடுத்திருக்கலாம்.

அண்ணைக்கு மனம் ஒப்பாத இடம் பெறுமதி. "நான் வாங்கினது 21க்கு. 21க்குப் போட்டா பிரீமியமும் குறையும்தானே?" என்றார். குறையும். ஆனால் பொலிசியில் சராசரி விதி என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. சந்தைப் பெறுமதியைவிடக் குறைத்துக் காப்புறுதி செய்தால் இழப்பீடும் அதே விகிதத்தில் குறையும். அவருடைய விபத்தையே கணக்காகப் போட்டுக் காட்டினேன். 60 இலட்சக் காரை 21 இலட்சத்துக்குப் போட்டிருந்தால், 480,000 ரூபாச் சேதத்துக்குக் கிடைப்பது 168,000. அதிலும் நாங்களே ஏற்க வேண்டிய கழிவுத் தொகை, பழைய உதிரிப்பாகங்களுக்கான தேய்மானம் என்று இன்னும் வெட்டு விழும். சில நிறுவனங்கள் சிறிய வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாது, ஆனால் மூன்றில் ஒரு பங்கு பெறுமதியை யாரும் கண்டுகொள்ளாமல் விடமாட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. கம்பனியின் பழைய பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது அதில் இந்தக் காரின் பெறுமதி 35 இலட்சம் என்றே இருந்தது. 2018இல் வாங்கிய காலத்துப் பெறுமதி, வருடா வருடம் அப்படியே பிரதி பண்ணியிருக்கிறார்கள். விலை ஏறியதை ஒருவரும் கவனிக்கவில்லை. அந்தக் காப்பு உயிரோடு இருந்திருந்தால்கூட இந்த விபத்துக்கு விகிதப்படி 280,000தான் வந்திருக்கும். கணக்காளர் அன்றைக்கே மற்ற வாகனங்களின் பட்டியலை எடுத்துப் பார்த்ததாகப் பிறகு சொன்னார். அண்ணையின் மாடு கம்பனிக்கும் கொஞ்சம் உதவி செய்திருக்கிறது.

உயர்த்திப் போடுவதிலும் பயனில்லை. 75 இலட்சத்துக்குப் போட்டுக் கட்டினாலும் முழு நட்டத்துக்கு அன்றைய சந்தை விலைதான் தருவார்கள். தனியார் கார் இறக்குமதியை 2025 பெப்ரவரி 1 முதல் மீண்டும் அனுமதித்ததால் விலைகளைப் பற்றி ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு புதுப்பிப்பிலும் பெறுமதியை மறுபடி பார்க்க வேண்டும்.

பதினொரு வருடமும் கணக்கில் வராத கதை

என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்தப் பகுதிதான். அண்ணை நிதானமான ஓட்டுநர். பதினொரு வருடத்தில் கம்பனி வாகனங்களில் ஒரே ஒரு சிறு கிளெய்ம், கஸ்தூரியார் வீதியில் ஒரு முச்சக்கர வண்டி பம்பரைச் சுரண்டியது. சொந்தக் கார் வைத்திருந்த ஒருவருக்கு இவ்வளவு காலத்துக்குக் கட்டுப்பணத்தில் கிடைக்கும் கிளெய்ம் இல்லாக் கழிவு, நாங்கள் என்.சி.பி. என்று சொல்வது, உச்சத்துக்குப் போயிருக்கும். அண்ணையின் கையில் பூச்சியம். என்.சி.பி. பொலிசிக்காரருக்குச் சேர்வது, ஓட்டியவருக்கு அல்ல. இவருடைய கம்பனியில் வாகனத்துக்கு வாகனம் என்.சி.பி. என்றே ஒன்று இருக்கவில்லை. முழுத் தொகுதியின் கிளெய்ம் வரலாற்றைப் பார்த்து ஒட்டுமொத்தமாக விலை பேசியிருந்தார்கள். இவர் கவனமாக ஓட்டிய பலன் இன்னொரு கிளையில் யாரோ மரத்தில் மோதிய கணக்கோடு கலந்து கரைந்துவிட்டது.

ஒரு முகவர் இதற்குச் சுலபமான வழி சொன்னார்: முன்பும் சொந்தப் பெயரில் பொலிசி இருந்தது, கிளெய்ம் இல்லை என்று படிவத்தில் போடுவோம், யார் பார்க்கப் போகிறார்கள். பார்ப்பார்கள். கட்டுப்பணம் வாங்கும்போது பார்க்காதவர்கள் கிளெய்ம் வரும்போது பார்ப்பார்கள், முன்னைய நிறுவனத்திடம் உறுதிப்படுத்தக் கேட்பார்கள். காப்புறுதி ஒப்பந்தத்தில் இரு பக்கமும் தெரிந்ததை மறைக்கக் கூடாது என்ற விதி 1766இல் மான்ஸ்ஃபீல்ட் பிரபு ஒரு கோட்டையின் காப்புறுதி வழக்கில் சொன்னதிலிருந்து வருகிறது. அவ்வளவு பழைய விதியோடு விளையாட 30,000 ரூபாக் கழிவு போதுமான காரணமாக எனக்குத் தெரியவில்லை. அந்த முகவரை விட்டுவிட்டோம்.

பதிலுக்குக் கம்பனியிடம் ஒரு கடிதம் கேட்டோம். இன்ன திகதியிலிருந்து இன்ன திகதிவரை இவருக்கு நிரந்தரமாக ஒதுக்கப்பட்ட வாகனங்கள் இவை, இவர் ஓட்டியபோது பதிவான கிளெய்ம் இவ்வளவு, தொகை இவ்வளவு. கம்பனி தன் காப்புறுதி நிறுவனத்திடமிருந்து கிளெய்ம் பதிவின் பிரதியும் எடுத்து இணைத்தது. இது கிடைக்க மூன்று வாரம் போனது, இரவு பஸ்ஸில் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்குமாக உறை இரண்டு தடவை போய் வந்தது. வேலையில் இருக்கும்போது கேட்டிருந்தால் ஒரு மின்னஞ்சலில் முடிந்திருக்கும். விலகிய ஆளின் கோரிக்கைக்கு அலுவலகங்களில் அவசரம் காட்டுவதில்லை.

மூன்று நிறுவனங்களிடம் விலை கேட்டோம். ஒன்று கடிதத்தைத் திருப்பிப் பார்க்கவேயில்லை, புதிய ஆள் என்று 132,000 சொன்னது. இன்னொன்று கதைத்துக் கதைத்து 118,000க்கு வந்தது. மூன்றாவது கடிதத்தைத் தலைமையகத்துக்கு அனுப்பி, முதல் வருடமே ஒரு கழிவை முன்கூட்டித் தந்து 96,000க்கு எழுதியது. மூன்றும் வற் (பெறுமதி சேர் வரி) சேர்த்த விலை. 2024 ஜனவரியிலிருந்து அது 18 வீதம் என்பதால் வரி நீக்கிய விலையைச் சொல்லி ஆளைப் பிடிக்கிறார்கள், கேட்கும்போதே முழு விலையைக் கேட்பது நல்லது.

பாவனை, ஓட்டுநர், வெள்ளம்

96,000 பொலிசியை உடனே கையெழுத்திடவில்லை. கம்பனிப் பொலிசியில் யாரோ ஒரு நிர்வாக அதிகாரி தீர்மானித்த விடயங்கள் இனி இவருடைய தீர்மானம்.

முதலில் பாவனை. அண்ணை இப்போது தனியாக ஆலோசனை வேலை செய்கிறார், முல்லைத்தீவு வரைக்கும் தன் காரில் போய் வருவார். அதைப் படிவத்தில் எழுதினோம், பிரச்சினை இல்லை என்றார்கள். ஆனால் நல்லூர்த் திருவிழா நாள்களில் வெளிநாட்டிலிருந்து வரும் சனத்துக்குக் காரை வாடகைக்குக் கொடுக்கும் யோசனை ஒன்று வீட்டில் ஓடியது. தனிப்பட்ட பாவனைப் பொலிசியில் வாடகைக்கு ஓட்டினால் காப்பு இல்லை. வாடகைக்கு என்றால் வேறு வகுப்பு, வேறு விலை. விலையைக் கேட்டதும் அந்த யோசனை தானாக நின்றுவிட்டது.

பிறகு, யார் ஓட்டலாம். மகன் புதிதாக லைசன்ஸ் எடுத்தவர். அனுபவம் குறைந்தவர் ஓட்டி விபத்து நடந்தால் நாங்கள் கட்ட வேண்டிய கழிவுத் தொகை கூடும், அதை எழுத்தில் கேட்டு வாங்கினோம். ஓகஸ்டில் கனடாவிலிருந்து வரும் மருமகனுக்கும் கார் கொடுப்பதாக இருந்தார்கள். அவருடைய கனடா லைசன்ஸ் அப்போது இங்கே அப்படியே செல்லவில்லை. சர்வதேச அனுமதிப்பத்திரத்தை இங்கே அங்கீகரித்து வாங்க வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் லைசன்ஸ் இல்லாத ஆள் ஓட்டியதாகத்தான் காப்புறுதி நிறுவனம் எடுக்கும்.

வெள்ளத்துக்கும், கலவரம், பயங்கரவாதம் போன்றவற்றுக்கும் மேலதிகக் காப்பு எடுத்தோம். கலவரக் காப்பு வேண்டுமா என்று யாழ்ப்பாணத்தில் யாரும் இரண்டு தடவை கேட்பதில்லை. வெள்ளத்தைப் பற்றி அண்ணைக்குச் சந்தேகம் இருந்தது. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்தபோது கொக்குவிலில் தண்ணீர் எங்கே நின்றது என்று நினைவூட்டியதும் சம்மதித்தார். பொலிசி எடுத்த 2024ஆம் வருடம் நவம்பர் கடைசியில் குடாநாடு திரும்பவும் வெள்ளத்தில் மூழ்கியது. கார் அண்டை வீட்டுக்காரரின் உயர்ந்த போர்டிக்கோவில் நின்றதால் கிளெய்முக்குத் தேவை வரவில்லை.

லீசிங் இல்லாததால் ஒரு வேலை மிச்சம். லீசிங்கில் எடுத்திருந்தால் முழு உரிமையாளர் லீசிங் நிறுவனம்தான். எந்தக் காப்புறுதி என்பதிலும் அவர்கள் தலையிடுவார்கள், முழு நட்டக் காசும் முதலில் அவர்களுக்குத்தான் போகும்.

முழுக் காப்புறுதி 2024 ஓகஸ்ட் தொடக்கத்தில் அண்ணையின் பெயரில் தொடங்கியது. பதிவுப் புத்தகம் மாறி வர ஒக்டோபர் ஆனது, கம்பனியின் பணிப்பாளர் ஒருவரின் கையெழுத்து ஒரு படிவத்தில் விடுபட்டிருந்ததுதான் தாமதத்துக்குக் காரணம். புத்தகத்தின் பிரதியைக் கொடுத்துப் பொலிசியில் பதியவைத்தோம். 2025இல் புதுப்பிக்கும்போது முதல் தடவையாக அவர் பெயரில் ஒரு வருட என்.சி.பி. விழுந்தது. பெறுமதியை மறுபடி பேசினோம். முன்பு 132,000 சொன்ன நிறுவனத்திலிருந்தும் அந்த வாரம் அழைப்பு வந்தது. அண்ணை விலை கேட்டு வைத்திருக்கிறார், இன்னும் மாறவில்லை.